பெயரடை, ஒட்டடை

ஹல் நகரத்துப் பெயிண்ட் ஆலையில்
தெர்ஸா பிளாஞ்சர்டுக்கு வேலை
வெள்ளைகளுக்குப் பெயர் வைப்பது.
மொத்தம் நாற்பத்தோரு வெள்ளை.
வாளிக்குள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்;
விலை பெயரில் இருக்கிறது.

பதினேழாம் வெள்ளைக்கு அவள் வைத்தது
காஸமர்.
அதற்கு முன்பும் அதே சொல்லைக்
காலுறைக்கு, வேஃபர் பிஸ்கட்டுக்கு,
மணப்பெண் முகத்திரைக்கு,
ஒருமுறை மூக்குத் துடைக்கும் காகிதத்துக்கும்
எழுதிக் கொடுத்திருக்கிறாள்.
மெல்லியது என்றால் போதாத இடத்தில்,
சன்னம் என்றால் துணிக்கடை வாடை அடிக்கும் இடத்தில்
இந்தச் சொல்.
தொட்டால் இருக்கும், பிடித்தால் இருக்காது
என்று ஒரு பாவனை.
லிட்டருக்கு இரண்டு பவுண்டு கூடுதல்.

அக்டோபரில் ஒரு கடிதம் வந்தது.
பென்சில் எழுத்து, லிங்கன்ஷயர் முகவரி.
"ஒரு சுவர் அடித்து முடித்துவிட்டேன்.
இது பால். ஆறிப்போய் ஆடை கட்டிய பால்.
காஸமருக்கு நிறம் கிடையாது, அம்மணி.
நீங்கள் அதைப் பார்த்ததே இல்லை.
வியாழன் வரை வெயில் என்கிறது ரேடியோ.
காலை எட்டுக்குள் வாருங்கள்.
ஆம்ப்ரோஸ் மாவர்.
பின்குறிப்பு: நாய் கடிக்காது, பெருவாத்து கடிக்கும்."

கோபத்தில்தான் கிளம்பினாள்.
ஹம்பர் பாலம் முழுக்க மூடுபனி.
எதையெல்லாம் பார்க்காமல் பெயர் வைத்திருக்கிறோம் என்று
எண்ணத் தொடங்கி
பாலம் முடிவதற்குள் விட்டுவிட்டாள்.

கோதுமை அறுத்த வயல். அடித்தாள் மட்டும்.
"இங்கே நின்றால் ஒன்றுமில்லை" என்றார் மாவர்,
"அந்தப் பக்கம் போங்கள், சூரியன் முகத்துக்கு நேராக."
வேலியைச் சுற்றிப் போய்த் திரும்பினாள்.

வயலுக்குக் குறுக்கே ஒரு நீர்ப்பாதை
மினுங்கிக்கொண்டு சூரியன்வரை போயிற்று.
நீர் இல்லை. நூல்.
தாளுக்குத் தாள் தாளுக்குத் தாள்
இருபது ஏக்கரும் பாவு ஓடிக் கிடந்தது,
ஊடை மட்டும் இல்லை.
கடுகுக்கும் சிறிய சிலந்திகள்
தாள் நுனியில் ஏறிப் பின்பக்கம் தூக்கி
ஓர் இழையைக் காற்றில் விட்டு
அது இழுக்கும்வரை பொறுத்து
கால்களை எடுத்தன.
டென்மார்க் போகும் என்றார் மாவர்,
தான் போகாத ஊரையெல்லாம் டென்மார்க் என்பவர்.

"கூஸ், சம்மர். பெருவாத்துக் கோடை.
வாத்து கொழுத்து அறுப்புக்கு வரும் மாதத்தில்
திடீரென்று நாலு நாள் வெயில் அடிக்குமே, அது.
அதைத்தான் மென்று மென்று
உங்கள் சொல் ஆக்கிவிட்டார்களாம்.
நான் கூட இருந்து பார்க்கவில்லை."

ஒன்பதரைக்கு வெயில் மேலேறியது.
வயலில் வெறும் தாள்.
அவர் பாதி வாளியை நீட்டினார்.
அவள் தன் பையிலிருந்தே பணம் கொடுத்தாள்.
எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

பெயரை மாற்றலாமா என்று ஆலையில் கேட்டாள்.
பதினேழுதான் நன்றாகப் போகிறது என்றார்கள்.
சரி என்றாள்.
அவளுக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது.

கறுப்புக் கோட்டின் தோளில் தொற்றி
எதுவோ ஹல் வரை வந்திருக்கிறது.
வெள்ளி மாலை அவள் அறை ஜன்னல் மூலையில்
ஒற்றை இழை.
நாற்காலியை நகர்த்தினாள், தெரிந்தது.
இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள், காணோம்.
பெயருக்கு முன்னால் நின்றால் பெயரடை,
மூலையில் நின்றால் ஒட்டடை.

துப்புரவுக்கு வரும் போகுமிவா
நீளக் கழியோடு நுழைந்தாள்.
உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?
பாபியே லாத்தோ, என்றாள். கிழவிகளின் கோடை.
அங்கே கிழவிகள், இங்கே வாத்துகள்;
கோடை மட்டும் எப்படியோ
இரண்டு ஊருக்கும் போயிருக்கிறது.
"வெளியே பறந்தால் அந்தப் பெயர்.
உள்ளே வந்தால் என் வேலை."
கழியை உயர்த்தினாள்.

ஒரு நிமிடம், என்றாள் தெர்ஸா.
போகுமிவா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.